பயமில்லை என்று கத்திய ஆள்காட்டி

முன்னொரு காலத்திலே, மழை சொன்ன சொல் தவறாத நாளிலே, கோரைப்புல் சூழ்ந்த பெரிய ஏரி ஒன்று இருந்ததாம். அங்கே இருந்த பறவைகளுக்கெல்லாம் தொண்டையில் பை தொங்கும் ஒரு கூழைக்கடாதான் தலைவர். கரையில் காவல் நிற்பது ஆள்காட்டிக் குருவிகளின் வேலை.

அந்தக் கோரைக்குள்ளே ஒரு காட்டுப்பூனை இருந்தது. அது நடந்தால் சத்தமே கேட்காது.

ஒருநாள் அது செம்மூக்கி என்ற ஆள்காட்டிக்குப் பக்கத்திலேயே பாய்ந்தது. அவளோடு காவல் நின்ற வெண்மார்பனைக் கவ்விக்கொண்டு போனது. சேற்றில் ஓர் இறகு மட்டும் கிடந்தது.

தலைவர் பறந்து வந்தார். கெட்டவர் இல்லை. தம் தொண்டைப்பையிலிருந்து ஒரு கொழுத்த கெண்டையை எடுத்து அவள் முன்னே போட்டார்.

"சாப்பிடும்மா! மனசு தெம்பாயிடும். நாளையிலேருந்து அவன் இடத்தையும் நீயே பார்த்துக்கோ!"

செம்மூக்கி மீன் தின்கிற பறவையா? புழு பூச்சி தின்கிறவள். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

அந்த ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் காவல்காரர்கள் எல்லோரும் மண்மேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். "பயமில்லை! பயமில்லை! பயமே இல்லை!" என்று கத்த வேண்டும். குரல் நடுங்கினால் அன்றைக்குக் கடைசியில்தான் இரை. வாத்துகள் வேறு சிரிக்கும்.

"பாருங்கடி, அழுமூஞ்சி வந்துட்டா!"

அதனால் செம்மூக்கி எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள்.

ஆனால் அவள் கண்ணில் தூக்கமே இல்லை. கோரை அசைந்தால் பூனை. இலை விழுந்தால் பூனை. தன் நிழலே பூனை!

அவளுடைய தோழி அல்லி ஒரு நீர்க்கோழி. அவள்தான் கேட்டாள்.

"ஏன்டி, உன் கால் இப்படி நடுங்குது?"

"காத்துடி."

"காத்தா? ஒரு இலைகூட அசையலையே!"

செம்மூக்கி அங்கிருந்து எழும்பினாள். நேரே தலைவரிடம் போனாள்.

"ஐயா, அங்க தனியா நிக்க எனக்கு..."

"காலையில என்னம்மா கத்தினே?"

"பயமில்லைன்னு, ஐயா."

"ஊர்லயே உன் குரல்தான் பெருசா கேட்டுச்சு! அப்புறம் என்ன? போ, போ! உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அவள் திரும்பிப் போனாள்.

அன்று பொழுது சாய்கிற நேரம். தலைவரின் குஞ்சு கரையோரம் தனியாகத் தண்ணீர் அளைந்துகொண்டிருந்தது. கோரைக்குள் இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன.

இந்த முறை நிழல் இல்லை. பூனையேதான்!

செம்மூக்கி பறக்கப் பார்த்தாள். இறக்கை எழவில்லை. கத்த வாயைத் திறந்தாள். நாள் தவறாமல் பழகிய தொண்டை ஆயிற்றே! அவளையும் மீறி வந்தது அந்தக் குரல்.

"பயமில்லை! பயமில்லை! பயமே இல்லை!"

"பயமில்லையாம்!" என்று வாத்துகள் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டன. குஞ்சு இன்னும் ஓரடி கரைக்கு வந்தது. பூனை வயிற்றைத் தரையில் ஒட்டிக்கொண்டு நகர்ந்தது.

அல்லி மட்டும் அந்தக் குரலை நம்பவில்லை. தோழியின் கால்கள் நடுங்குவதையும், அவள் பார்வை போன கோரையையும் பார்த்தாள்.

"ஐயோ, பூனை! பூனை! பறங்க எல்லாரும்!"

ஏரியே எழும்பியது. தலைவர் பாய்ந்து வந்து குஞ்சைத் தண்ணீருக்குள் தள்ளினார். பூனையின் வாயில் அவருடைய வால் இறகுகள்தான் மிஞ்சின.

"அடிப்பாவி! பூனை வருது, நீ பயமில்லைன்னு கத்துறே!" என்று தலைவர் சீறினார்.

செம்மூக்கி தலைகுனிந்தாள். "வேற எதைச் சொல்ல விட்டீங்க, ஐயா? எனக்குப் பயமா இருக்கு. வெண்மார்பன் போன நாள்லேருந்தே பயமா இருக்கு."

தலைவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவர் இறக்கைக்கு அடியிலிருந்து குஞ்சு முனகியது.

"அப்பா, எனக்கும் பயமா இருக்கு."

அவர் குஞ்சை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

"எனக்கும்தான்டா."

மறுநாள் காலை மண்மேட்டில் அவரே முதலில் ஏறினார்.

"இன்னிக்கு யாருக்குப் பயமா இருக்கு? எனக்கு இருக்கு. இனி யாரும் தனியா நிக்க வேணாம். ரெண்டு ரெண்டு பேரா நில்லுங்க. முடியலைன்னா சொல்லுங்க, மாத்தி விடுறேன். சொன்னவங்களுக்கு இரை குறையாது. சிரிக்கிற வாத்து என் பக்கத்துல வந்து காவல் நிக்கட்டும்!"

வாத்துகள் தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திக்கொண்டன.

"எனக்கும் இருக்கு, ஐயா." "எனக்கும்!" காவல்காரர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

தலைவர் செம்மூக்கியிடம் வந்தார். தொண்டைப்பை காலியாக இருந்தது.

"உனக்கு என்னம்மா வேணும்?"

"தூங்கணும், ஐயா. அதுக்கு முன்னாடி வெண்மார்பனை நெனச்சுக் கொஞ்சம் அழணும்."

"அழு. உன் இடத்துல நான் நிக்கிறேன்."

அவள் அழுதாள். பிறகு அல்லியின் கூட்டுக்குப் பக்கத்தில் கண்ணை மூடினாள். அந்தத் தூக்கத்திலும் கால்கள் அவ்வப்போது துடித்தன. அல்லி நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலையும் கோரை அசைந்தது. உடனே கரையில் இரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"பயமா இருக்கு! பூனை வருது!"

பூனை சற்று நின்றது. காதை மடக்கிக்கொண்டு, வந்த வழியே நடந்து போனது.

தம்மிடம் வேலை செய்கிறவர்களின் பயத்தைக் காதுகொடுத்துக் கேட்கிற தலைவருக்கே, ஆபத்து வரும் நேரத்தில் அவர்களுடைய உண்மையான குரல் கிடைக்கும்.