ராவணன் மீசை உருளத் தொடங்கிய கதை

அந்தக் காலத்தில், விலங்கும் புல்லும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, கடற்கரை முழுக்க வெறும் மணல்தான். ஒரே ஒரு மேட்டில் மட்டும் ராவணன் மீசைப் புல் நின்றது. அதன் வேர் மணலைப் பிடித்து வைத்திருந்ததால் அங்கே மட்டும்தான் நண்டுக்கு வளை தங்கும். வேறெங்கே தோண்டினாலும் காற்று வந்து மூடிவிடும். அதனால் புல்லை அக்கா அக்கா என்று அண்டி வாழ்ந்தது ஒரு பெண் நண்டு. வாய் மட்டும் சும்மா இருக்காது. கேட்காமல் ஏன் வருகிறாய் என்று அலையோடேயே மல்லுக்கு நிற்கும்.

சித்திரை வெயில் தாங்காமல், செம்மணல் தேரிக்காட்டு முயல் ஒன்று காற்று வாங்க அந்தக் கரைக்கு வந்தது. தோளில் ஒரு பனைமட்டை. பந்தை மட்டையால் அடித்து அடித்துக் கொண்டுபோய், தூரத்துக் குழியில் விழவைப்பது அதன் விளையாட்டு. குழிக்குத் தன் வளையையே தந்தது நண்டு. பந்துதான் இல்லை. புல்லின் உச்சியில் உருண்டையாய், முள்முள்ளாய் நின்ற கதிரை முயல் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"அதுல என் பிள்ளைங்க தூங்குது. உதிர்ந்தா என் காலடியிலேயே முளைச்சு, நெருக்கியடிச்சு வாடிப்போகுது. இருந்தாலும் என் பிள்ளைங்கதான?" என்றது புல்.

"நான் பொறுப்பு அக்கா. சாயங்காலம் வாங்கித் தந்துருதேன்," என்று நண்டு முந்திக்கொண்டது. புல்லும் ஒரு கதிரை உதிர்த்துத் தந்தது.

முதல் அடி நேராகத்தான் போனது. நடுவழியில் காற்று பந்தைத் தூக்கி, எங்கோ வெட்டவெளிப் பள்ளத்தில் போட்டது. முயல் ஓடிப்போய்க் குனிந்தது.

"தொடாதீங்க அண்ணே," என்று நண்டு தடுத்தது.

"நல்ல எடத்துல வச்சு அடிக்கேன் பிள்ள."

"அது எந்த ஊர் நியாயம்? காத்து குழிக்குள்ளயே கொண்டு போட்டிருந்தா, வேண்டாம்னு எடுத்து வெளிய வைப்பீங்களா? கிடந்த எடத்துலயே அடிங்க."

"காத்து பண்ணுனதுக்கு நானா பொறுப்பு?"

"காத்து வாங்கத்தான வந்தீங்க? வாங்கிக்கோங்க."

முயல் அடித்தது. பந்து புதைந்தது. மறுபடி அடித்தது, மணல்தான் பறந்தது. இரண்டும் தோண்டத் தோண்டக் காற்று நிரப்பிக்கொண்டே இருந்தது. கதிர் அகப்படவில்லை. முயல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தேரிக்குத் திரும்பியது.

"நியாயம் பேசியே என் பிள்ளையப் புதைச்சிட்டியே, ஏட்டி. இனி என் வேருக்கடியில உனக்கு இடமில்ல," என்றது புல்.

நண்டு அந்தப் பள்ளத்திலேயே போய்த் தோண்டியது. தோண்டிய வளை தினமும் சரிந்தது. தினமும் தோண்டியது. மழைக்காலம் வந்து ஒரு காலையில் கண் விழித்தால், வளை சரியாமல் அப்படியே நின்றது. சுவரெங்கும் நூல்நூலாய் வேர்.

மூச்சிரைக்க மேட்டுக்கு ஓடியது. "அக்கா, உன் பிள்ளைதான் என் வீட்டைத் தாங்கிப் பிடிச்சிட்டிருக்கு."

புல் எட்டிப் பார்த்தது. பள்ளத்தில் பச்சை.

"நீ எடுக்க விட்டிருந்தா, அது என் காலடிக்கே வந்து வாடியிருக்கும்," என்றது. "உனக்கும் அந்த முயலுக்கும் நான் என்னத்தத் தரப்போறேன்? காத்துக்கும்தான்."

இருந்த கதிர்களையெல்லாம் அப்போதே காற்றின் கையில் விட்டுவிட்டது.

அன்று முதல்தான் ராவணன் மீசையின் கதிர் காய்ந்ததும் காம்பை விட்டுக் கரையெல்லாம் உருண்டு ஓடுகிறது. எதிரே வரும் நண்டும், அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்து, பக்கவாட்டில் ஒதுங்கி வழிவிடுகிறது.