குருபூஜைக்கு ஒரு ரோஜா

மொட்டைப் பாறைமலை ஒன்று, அதன் அடிவாரத்தில் ஓர் ஆசிரமம். ஆசிரமம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு கிணறு, மறைந்த பெரிய சாமியின் சமாதி, அதைச் சுற்றி அவர் தன் கையாலேயே வைத்த ரோஜாச் செடிகள். அவ்வளவுதான். பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை சாயங்காலமானால் அதை அப்படியே ஆசிரமத்தின் மேல் திருப்பிக் கக்கும்.

பெரிய சாமிக்குப் பிறகு அங்கே குருவாக இருந்தவர் தயாபரி அம்மா. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அவரிடம் சீடராக வந்து சேர்ந்த அரவாழிக்கோ அறுபது முடிந்துவிட்டது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காய்ச்சலோடு நின்று டிக்கெட் கிழித்திருக்கிறாரே தவிர லீவு போட்டதில்லை. வேலையை விட்டாலும் அந்தப் பெருமையை அவர் விடவில்லை.

தினமும் காலையில் சமாதியில் ஒரு ரோஜா வைப்பது ஆசிரமத்து வழக்கம். அந்தத் தோட்டத்துப் பூவாகத்தான் இருக்க வேண்டும், கடைப்பூ ஆகாது. அரவாழி அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு நாளும் தவறவிட மாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியமும் செய்தார். சத்தியம் செய்யச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை.

மார்கழி, தை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. வருகிறவர்கள் பூக்களைப் பார்த்து அரவாழியைப் புகழ்ந்தார்கள், அவரும் கூச்சப்படாமல் கேட்டுக்கொண்டார். கத்திரி வெயில் பிறந்ததும் பிடித்தது சனியன். இலைகளின் ஓரமெல்லாம் கருகின. உள்ளங்கை அகலம் பூத்த பூ சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கியது. பாவம், தாகமாக இருக்கும் என்று உச்சி வெயிலில் குடம் குடமாக இலைமேல் ஊற்றினார். வெந்த கீரை மாதிரி அவை துவண்டன. பலம் போதவில்லை போலிருக்கிறது என்று கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றினார். இளந்தளிர் விட்டது, விட்ட வேகத்தில் தீய்ந்தும் போனது.

ஆனாலும் பூ வைப்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. எந்தச் செடியில் பூ இருந்ததோ அந்தப் பூவைக் கத்திரிக்கோலால் காம்பும் இலையுமாக நறுக்கிக்கொண்டு போனார். செடிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ந்தன. கடைசியில் மிஞ்சியது, சமாதியின் தலைமாட்டில் நின்ற ஒரே ஒரு செடி. அதில் இரண்டு மொட்டு இருந்தது.

மறுநாள் குருபூஜை. ஊர் ஜனம் முழுக்க வரும். அந்த இரண்டு மொட்டையும் எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அரவாழி ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டினார், ஓலைத் தட்டி வைத்தார், பகலெல்லாம் தண்ணீர் சுமந்தார். கிணற்றில் தண்ணீர் அடியாழத்துக்குப் போயிருந்தது. கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. வெயில் தாழும் நேரத்தில் கண் இருட்டிக்கொண்டு வர, குடத்தைக் கட்டிப்பிடித்தபடி கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தயாபரி அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"பக்தி நெஜமா இருந்தா களைப்பே தெரியாதுன்னு சொல்றாங்க. எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு. இந்தக் குடத்தைப் பாத்தாலே அழுகை வருது. காலையில கண்ணு முழிக்கும்போதே, இன்னைக்குப் பூ இருக்குமோ இருக்காதோன்னு செடிகிட்ட ஓடுறேன். அப்போ என் பக்தி பொய்யாம்மா?"

அம்மா எழுந்து செடியிடம் போனார். மொட்டைப் பார்த்து இரண்டு நல்ல வார்த்தை சொல்வார் என்ற ஆசையில் அரவாழியும் குடத்தோடு தள்ளாடிக்கொண்டே பின்னால் போனார்.

அம்மா சாக்கை அவிழ்த்தார். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டினார். உள்ளே கொஞ்சம் பச்சை தெரிந்தது.

"இன்னும் உயிர் இருக்கு" என்றார்.

அதைச் சொல்லிவிட்டு ஒரு மொட்டைக் கிள்ளி எறிந்தார். அரவாழி வாயைத் திறப்பதற்குள் மற்றதையும் கிள்ளிவிட்டார்.

அரவாழிக்கு அவர் குரு என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க? நாளைக்குக் குருபூஜை!"

"தெரியும்."

"ஊரே வரும்."

"வரட்டும்."

"அந்த ரெண்டுக்காகத்தானே நான் நாள் முழுக்க..." அவர் கீழே கிடந்த மொட்டுகளையே பார்த்தார்.

"இந்தச் செடியில இலை இருக்கா, பாருங்க" என்றார் அம்மா.

"எல்லாம் கொட்டிப்போச்சு."

"சாப்பிடவே வழி இல்லாம நிக்குது. அது எதை வச்சுப் பூக்கும்?"

"பூக்கத்தானம்மா பாத்துச்சு? மொட்டு விட்டுச்சே."

"நாளைக்குப் பூத்தும் இருக்கும். நாளன்னைக்கு நீங்க இதை அடுப்புக்கு ஒடிச்சிருப்பீங்க."

மற்ற செடிகளின் குச்சிகள் சமையலறை மூலையில் கிடப்பது அரவாழிக்குத் தெரியாததல்ல. அடுக்கி வைத்ததே அவர்தான்.

அம்மா வைக்கோல் அள்ளிவந்து செடியின் அடியில் தடிமனாகப் பரப்பினார்.

"மழை வர்ற வரைக்கும் புண்ணாக்கு வேண்டாம். கத்திரிக்கோலும் வேண்டாம். மொட்டு விட்டா கிள்ளிடலாம். விடியக்காலையில வேர் நனையத் தண்ணி விட்டாப் போதும். அதை நான் பாத்துக்கறேன்."

"நாளைக்குச் சமாதி வெறுமையா இருக்குமே. என் சத்தியம் என்ன ஆகும்?"

"போகும்."

அவ்வளவு சுலபமாக அவர் சொன்னது அரவாழிக்குச் சுருக்கென்று தைத்தது. பாறையிலிருந்து வந்த அனல் முகத்தில் அடித்தது.

"பூ எங்கேன்னு பெரிய சாமி கேட்டா?"

"செடி தூங்குதுன்னு நான் சொல்லிக்கறேன்."

அரவாழி சிறு பிள்ளை போல் கேட்டார்.

"தினம் பூ கொண்டு வர்றவன் எங்கேன்னு கேட்டா?"

அம்மா அவர் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

"அவரும் தூங்கறாருன்னு சொல்றேன். போய்ப் படுங்க."