வலித்தால் கை தூக்குங்கள்

"அம்மா, என் அறைக்குள்ள சந்தோஷமா ஒருத்தர்கூட வந்ததில்லை."

பல் மருத்துவர் கோமதிநாயகம் இதைச் சொன்னபோது, மடத்து முற்றத்தில் இலவசப் பல் முகாம் முடிந்திருந்தது. அவருக்கு வயது ஐம்பத்தாறு. மடத்தின் குரு ஞானாம்பிகை அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"எல்லாரும் பயந்துக்கிட்டுதான் வர்றாங்க. ஒருத்தருக்கு முடிக்கிறதுக்குள்ள வெளியில அஞ்சு பேர் கடிகாரத்தைப் பார்க்கிறாங்க. குனிஞ்சு குனிஞ்சு கழுத்து போச்சு. இப்போ கையும் நடுங்குது. மனசு அடங்க ஒரு வழி சொல்லுங்க."

ஞானாம்பிகை நோயாளிகளின் நாற்காலியில் போய் உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

கடைவாய்ப்பல் சொத்தை. ஈறு வீங்கியிருந்தது.

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா."

"ஏன் சொல்லலை?"

"பயம்."

கோமதிநாயகம் மரத்துப்போக ஊசி போட்டார். காத்திருந்தார். இடுக்கியை எடுத்தபோது வலது கை நடுங்கியது. இடது கையால் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னார்.

"வலிச்சா கையைத் தூக்குங்க. உடனே நிறுத்திடுவேன்."

"உங்களுக்கு வலிச்சா?"

மரத்த வாயில் சொல் குழறியது. கோமதிநாயகத்துக்குப் புரியவில்லை.

"உங்களுக்கு வலிச்சா யாரைப் பார்த்துக் கை தூக்குவீங்க?"

கோமதிநாயகம் இடுக்கியைத் தாழ்த்தினார்.

"வீட்டுல?"

"அவளுக்கு எதுக்குத் தொல்லைன்னு சொல்றதில்லை."

"கூடப் படிச்சவங்க?"

"அவங்களும் என்னைப் போலத்தான். பார்த்தா பிள்ளைங்க கல்யாணம் பத்திப் பேசிட்டுப் பிரிஞ்சிடுவோம்."

இடுக்கியைத் தட்டில் வைத்தார். முகக்கவசத்தைக் கழற்றாமலே பேசினார்.

"கிளினிக் மேசையில ஒரு கடுதாசி எழுதி வச்சிருக்கேன். மூணு மாசமாச்சு. நான் போனப்புறம் படிக்கிறதுக்கு."

முற்றத்தில் யாரோ பெஞ்சுகளை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஞானாம்பிகை எழுந்தார். ஒரு பக்க உதடு தொங்கியிருந்தது. மேசைமேல் கிடந்த மருத்துவருடைய செல்போனை எடுத்து அவரிடமே நீட்டினார்.

"பல்லு?" என்றார் கோமதிநாயகம்.

"இருக்கட்டும். வீட்டம்மா பேர் என்ன?"

"செண்பகம்."

"கூப்பிடுங்க."

"என்னன்னு சொல்றது?"

ஞானாம்பிகை பக்கத்திலேயே நின்றார்.

அவர் அழைத்தார். மூன்றாவது மணி அடித்ததும் செண்பகம் எடுத்துவிட்டாள்.

"என்னங்க, முகாம் முடிஞ்சுதா? சாப்பிட்டீங்களா?"

அவர் முகக்கவசத்தைக் கழற்றினார்.

"என்னங்க? கேக்குதா?"

"செண்பகம்," என்றார். "வலிக்குது."