வலது பாதி

ஜப்பானின் கடலோர ஊர் ஒன்றில் ஒரு கார் இருந்தது. ஓடாத கார், களிமண்ணில் செய்தது. முப்பது வருடம் கழித்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் எப்படி இருக்கும் என்று ஊருக்குக் காட்ட அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

நெடுக்கே பிளந்தாற்போல இரண்டு பாதி. இடது பாதி தொகிவா செய்தது. வலது பாதி அவன் தோழன் அராத்தா செய்தது. இரண்டில் எது தேறுகிறதோ, அதன்படியே முழுக் காரும் அமையும். அந்தப் பட்டறையின் வழக்கம் அது.

"உன் பக்கம் வந்தால் காற்று வழுக்கி விழுந்துவிடும்டா" என்பான் அராத்தா.

"உன் பக்கம் வந்தால் தடுக்கி விழும்" என்பான் தொகிவா. பின்சக்கரத்துக்கு மேலே, காளையின் திமில் போல அராத்தா ஒரு புடைப்பு வைத்திருந்தான்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அராத்தா காய்ச்சலில் படுத்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை.

நான்கு மாதம் போயிற்று. சோறு தண்ணீர் பாராமல், தோழனின் பாதியையும் தொகிவாவே முடித்தான். எந்தப் பாதி தேறியது என்று பார்க்க நாளைக் காலை அதிகாரிகள் வருகிறார்கள். அண்ணன் கடைசியாகச் செய்ததைப் பார்க்க அராத்தாவின் தங்கையும் வருகிறாள்.

தனக்கு மண்வேலை பழக்கிய குரு மினெகோ அம்மாளைக் கூட்டிவந்து காரின் முன்னால் நிறுத்தினான் தொகிவா.

"இதைப் பார்த்தால் அராத்தாவின் மனசு குளிருமா, அம்மா?"

மினெகோ அம்மாள் வலது பாதியை அதன் சக்கரப் பலகையோடு அப்பால் தள்ளினார். அந்த இடத்தில் கார் நீளத்துக்கு ஒரு கண்ணாடியை நிறுத்தினார்.

"பார்."

இடது பாதியும் கண்ணாடிக்குள் அதன் பிம்பமும் சேர்ந்து முழுக் காராக நின்றன.

கண்ணாடியை எடுத்துவிட்டு, வலது பாதியைப் பழையபடி கொண்டுவந்து சேர்த்தார்.

"இப்போது பார். என்ன மாறியிருக்கிறது?"

தொகிவா குனிந்து பார்த்தான். எட்டப் போய் நின்று பார்த்தான்.

"ஒன்றுமே மாறவில்லை, அம்மா."

"திமில் எங்கே?"

"கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தது. சுற்றிலும் மண் வைத்து நிரவிவிட்டேன். அழகாக இருக்கட்டுமே என்றுதான்..."

"யார் கண்ணுக்கு?"



மினெகோ அம்மாள் சுரண்டியை எடுத்து அவன் கையில் வைத்தார். "அவன் மண் நாள்பட்டுக் கறுத்திருக்கும். உன் மண் புதுசு. கறுப்பு தெரிகிற வரைக்கும் சுரண்டு."

வெளிர்மண் சுருள் சுருளாக விழுந்தது. திமில் மெல்ல வெளியே வந்தது. அதன் மேலே அராத்தாவின் கட்டைவிரல் தடங்கள். கதவுப்பக்கம் வந்தபோது கறுப்பே இல்லை. அடியில் இருந்த மரச்சட்டம்தான் தெரிந்தது; அராத்தா அங்கே மண் வைக்கவே இல்லை.

தொகிவாவின் கை நின்றது.

"அம்மா, விடிந்தால் எல்லோரும் வருகிறார்களே. அவன் தங்கை வருகிறாளே. இது இப்படி அரைகுறையாக நிற்கிறதே!"

மினெகோ அம்மாள் கீழே விழுந்த மண்ணைக் கூட்டி அள்ளினார்.

"அவனும் அப்படித்தானே போனான்" என்றார்.