கடலுக்குப் போகிற தண்ணீர்

முதலில், மேல்நாட்டான் மலையிடுக்கை மறித்து அணை கட்டினான்.

அதன் பிறகு, இடைநாட்டான் “நான் மட்டும் இளிச்சவாயனா?” என்று ஆற்றின் விலாவைக் கிழித்துக் கால்வாய் வெட்டினான்.

அதன் பிறகு, மூன்று நாட்டுக்கும் பொதுவாக ஒரு குழு வைத்தார்கள்.

அதன் பிறகு, அந்தக் குழு ஏன் கூடவில்லை என்று விசாரிக்க இன்னொரு குழு வைத்தார்கள்.

அதன் பிறகு, கீழ்நாட்டில் எங்கள் நாற்று வெளுத்தது. இந்த வாரம் தண்ணீர் வராவிட்டால் கருகிவிடும்.

செங்காட்டூர் தம்புசாமி வரிசை பிசகாமல் சொல்லி முடித்தார். தலை நரைத்திருந்தது. குரல் நரைக்கவில்லை.

ஆற்றின் நடுவே மணல்தீவு. பனிக்குள், வழக்குக் கேட்கும் ஆசான் உட்கார்ந்திருந்தார். வயதில் தம்புசாமியைவிட இளையவர்.

அந்தத் தீவு ஒவ்வொரு வெள்ளத்துக்கும் சற்று நகரும். ஆகவே எந்த நாட்டு வரைபடத்திலும் அது இல்லை. சண்டை போட்டு அலுத்த மூன்று நாடுகளும் அதை மட்டும் நம்பின.

சற்றுத் தள்ளி, மூன்று நாட்டு மதகுக்காரர்கள் சாட்சிகளாக இருந்தார்கள். பனியில் தலைப்பாகைகள் மட்டும் மிதந்தன. தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. தண்ணீர் தெரியவில்லை.

“நியாயம் சொல்லுங்கள், ஆசானே” என்றார் தம்புசாமி.

ஆசான் ஒரு கை தண்ணீர் அள்ளினார். அது விரல்களுக்கிடையே ஒழுகித் தீரும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ சொன்னது செல்லாது” என்றார்.

“பொய் என்கிறீர்களா?”

“உன் தாகத்தை நீயே சொன்னாய். இங்கே அதை இன்னொரு வாய் சொல்ல வேண்டும்.”

“யார் சொல்லுவாங்க எனக்காக? அந்த மேல்நாட்டுக்காரரா?”

“எனக்குத் தொண்டை சரியில்லீங்க” என்றார் மேல்நாட்டு மதகுக்காரர். யாரோ சிரித்தார்கள்.

“நான் சொல்றேன்” என்றது ஒரு பெண் குரல்.

பனிக்குள்ளிருந்து எழுந்து வந்தாள். அஞ்சலாட்சி. ஆறு கடலில் சேரும் கழிமுகத்துக்காரி. அவளும் ஒரு முறையீட்டோடு வந்து, அதைச் சொல்ல வேறொரு வாய்க்காகக் காத்திருந்தாள்.

அணை, கால்வாய், குழு, குழுவுக்கு ஒரு குழு. ஒன்றையும் விடாமல் சாட்சிகளிடம் சொன்னாள். நாற்று வெளுத்ததைச் சொல்லும்போது, பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டதைப் போலச் சொன்னாள்.

தன் நாற்றை இன்னொருத்தர் வாயில் தம்புசாமி கேட்டதே இல்லை.

“இனி அவள் சொல்வதை நீ சொல்” என்றார் ஆசான். “ஒரு வரி விட்டாலும் இருவர் முறையீடும் விழுந்துவிடும். முழுதாகச் சொன்னால், மூன்று மதகுக்காரர்களும் போய் மதகைத் திறப்பார்கள்.”

தம்புசாமிக்குச் சிரிப்பு வந்தது. காலமெல்லாம் அவர் முழக்கம் சொல்ல, ஊர் திருப்பிச் சொன்னது. இப்போது முறை மாறியிருக்கிறது. பரவாயில்லை. குரல் இருக்கிறது.

அவள் காதருகில் மெல்லச் சொன்னாள். அவர் ஆறு அதிரச் சொன்னார்.

“முதலில், எங்கள் கழிமுகத்துக்கு வந்த நல்ல தண்ணீர் நின்றது.”

“அதன் பிறகு, கடல் உள்ளே ஏறியது.”

“அதன் பிறகு, இறால் குஞ்சு பொரிக்க வரவில்லை.”

“அதன் பிறகு, ஊற்று கரித்தது. பிள்ளைகளுக்குக் கரிக்கிற கஞ்சியை ஊட்டினோம்.”

அவர் மேல்நாட்டு மதகுக்காரரை முறைத்தார். “இதுவும் உங்க கைங்கரியந்தானா?”

“நான் வாயே திறக்கலையே, பெரியவரே.”

கீழ்நாட்டு மதகுக்காரர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

அஞ்சலாட்சி அடுத்த வரியைச் சொன்னாள். தம்புசாமி சொல்லவில்லை.

“என்ன?” என்றார் ஆசான்.

தம்புசாமி மெதுவாகச் சொன்னார்.

“தண்ணீர் நின்றதற்குக் காரணம், கீழ்நாட்டின் கடைசி மதகுக்கும் கீழே, ஆற்றை மறித்துப் போட்ட மணல்மூட்டைத் தடுப்பு.”

ஒரு சொட்டும் வீணாகக் கடலுக்குப் போகக் கூடாது. அந்த முழக்கத்தை எத்தனை ஊர் சொல்லியிருக்கிறது. முதல் மூட்டையைத் தோளில் சுமந்து வந்தவருக்கு எத்தனை மாலை.

“அம்மா, அது வீணாப் போற தண்ணி” என்றார்.

“அந்த வீணுலதான் ஐயா நாங்க குடியிருக்கோம்.”

“வீண் என்பது உன் வரி” என்றார் ஆசான். “அவள் வரி இன்னும் ஒன்று இருக்கிறது.”

அவள் குனிந்து சொன்னாள். பிறகு, அவர் முகத்தைப் பார்த்துத் தயங்கினாள்.

“பேருதான் தெரியும் ஐயா. ஆளை நான் பார்த்ததில்லை. தெரிஞ்சவரா?”

அவர் ஆற்றின் பக்கம் திரும்பினார்.

பனி விலகத் தொடங்கியது. தண்ணீர் தெரிந்தது. மலையிலிருந்து வந்து, தீவின் இருபுறமும் பிரிந்து, மறுபடி ஒன்றாகி, யாரையும் கேட்காமல் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

மூன்று சாட்சிகளும் காத்திருந்தார்கள். எங்கோ வெளுத்த நாற்றும் காத்திருந்தது.

தம்புசாமி எழுந்து நின்றார். மேடைகளில் நிற்பதைப் போலவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“முன்னின்று தடுப்புப் போட்டவர்,” என்றார், கடைசி மதகுவரை கேட்கும் குரலில், “செங்காட்டூர் தம்புசாமி.”