பாலாடையின் விளிம்பு

இருதயராஜ் கூர்மையைத் தவிர வேறெதையும் பெரிதாக நம்பியவர் அல்ல.

சைக்கிளில் சாணைக்கல் கட்டிக்கொண்டு கோவைத் தெருக்களைச் சுற்றி வந்தவர் அவர். கறிக்கடைக்காரர்களும் தையற்காரர்களும் அவர் வரும் நாளுக்காகக் கத்தியையும் கத்தரியையும் எடுத்து வைத்திருப்பார்கள். தீட்டி முடித்ததும் கத்தியைத் தன் கட்டைவிரல் நகத்தின் மேல் நிறுத்திப் பார்ப்பார். வழுக்கினால் மறுபடியும் கல்லுக்குப் போகும்.

ஒருநாள் குறிச்சிப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் கூப்பிட்டார்கள். பிளாஸ்டிக் சாமான் வார்க்கும் இரும்பு அச்சுக்கு அங்கே டை என்று பெயர். அந்த டைகளைச் செய்வதும் பழுது பார்ப்பதும் பொற்கொடியின் வேலை. தீட்டிய கத்தியைக் கொடுத்த பிறகும் இருதயராஜ் கிளம்பவில்லை. பொற்கொடி ஒரு இரும்புக் கட்டியை அரம் போட்டுக்கொண்டிருந்தார். அரத்தின் சத்தம் ஒரு இடத்தில் லேசாக மாறியது. உடனே கை நின்றது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திருப்பி வைத்தார்.

சத்தத்தை வைத்தே நிறுத்தத் தெரிந்த கையை இருதயராஜ் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த வாரம் சாணைக்கல் இல்லாமல் வந்து நின்றார்.

"எனக்கும் இந்த வேலை கத்துக் குடுப்பீங்களா?"

"உங்களுக்கு என்ன வயசுங்கண்ணா?"

"உங்களுக்கு அண்ணனா இருக்கற வயசுதான்."

"அண்ணனுக்குக் கத்துக் குடுக்கக் கூடாதுன்னு யாரு சொன்னாங்க? வாங்க."

அன்றிலிருந்து தன்னைவிட இளைய அந்தப் பெண்ணை அவர் மாஸ்டர் என்றே கூப்பிட்டார். சிரித்தவர்கள் சிரித்தார்கள்.

மழைக்காலத்தில் ஒரு காலை, நகரத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து திலகவதி என்ற செவிலியர் பட்டறைக்கு வந்தார். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். மார்பில் உறிஞ்சத் தெம்பில்லாத அந்தக் குழந்தைகளுக்கு, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையில்தான் பால். பட்டறையில் வார்த்த பாலாடைகள் கண்ணாடிபோல் இருக்கும். எவ்வளவு பால் உள்ளே போகிறது என்று வெளியிலிருந்தே தெரியும்.

அவர் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒரு குழந்தைக்குக் கீழுதட்டுல ரத்தம்."

பொற்கொடி பாலாடையை எடுத்தார். அதன் மூக்கு விளிம்பைத் தன் கீழுதட்டில் வைத்து மெல்ல இழுத்தார். பாதி வழியில் அவர் முகம் சுருங்கியது.

"பிசிறு" என்றார்.

டை தேய்ந்துபோயிருந்தது. அதன் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் கசிந்து, விளிம்பின் மேல் மயிரிழைபோல் ஒட்டிக்கொண்டு நின்றது. கண்ணுக்குத் தெரியாது. குழந்தையின் உதட்டுக்குத் தெரியும்.

"டையைப் பழுது பாக்கக் கொஞ்ச நாள் ஆகுமுங்க" என்றார் பொற்கொடி.

"அதுவரைக்கும் வார்டுல என்ன பண்றது? நல்லதா இருக்கறது கொஞ்சந்தான். ஒண்ணைக் கொதிக்க வச்சு எடுக்கறதுக்குள்ள அடுத்த குழந்தை அழுது அழுது சோந்து போயிடுது. செஞ்சு வச்சிருக்கீங்களே, அதுல இந்தப் பிசிறை எடுத்துக் குடுங்க."

"நான் எடுத்துத் தர்றேன்" என்றார் இருதயராஜ்.

மாஸ்டர் அவரைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

இருதயராஜ் இரும்பு அறுக்கும் ஒரு ஆக்சா பிளேடை உடைத்துக் கத்தியாக்கினார். தன் வாழ்நாளில் அப்படி ஒரு கூர் அவர் பிடித்ததில்லை. பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு பாலாடையாக எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விளிம்பைச் சீவினார். சாயங்காலம் பாதிப் பெட்டி முடிந்தபோது முதுகு நிமிர மறுத்தது. மனசு மட்டும் நிறைந்திருந்தது.

மறுநாள் திலகவதி வந்து, கொஞ்சம் பஞ்சை எடுத்து விளிம்பின் மேல் இழுத்தார். பஞ்சு நூல்நூலாகச் சிக்கியது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் சிக்கியது.

"முன்னாடி பிசிறு ஒரு இடத்துலதான் இருந்துச்சு" என்றார். "இப்ப எல்லா இடத்துலயும் இருக்கு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இருதயராஜை அதிகம் சுட்டது.

செவிலியர் போன பிறகு, கெட்டுப்போன பாலாடைகளைக் கூட்டி ஓரமாக வைத்துவிட்டு அவர் மாஸ்டர் முன்னால் வந்து நின்றார்.

"மாஸ்டர், கத்தி இன்னும் எவ்வளவு கூரா இருக்கணும்?"

பொற்கொடி பெட்டிக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக உதட்டில் வைத்துப் பார்த்தார். பிசிறே விழாத ஒன்று கிடைத்ததும் தனியே வைத்தார். அதன் விளிம்பில் தேங்காய் எண்ணெய் தடவினார். குழாய் ஓட்டை அடைக்கிற, கலந்தால் கல்லாக இறுகும் இரண்டு பசை மாவுகளையும் சேர்த்துப் பிசைந்து, கட்டைவிரல் நுனி அளவு உருட்டி, விளிம்பின் மேல் அழுத்தினார். சேணம்போல் அது இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டது.

"இறுகட்டும்" என்றார்.

இறுகியதும் கழற்றினார். உள்ளே விளிம்பின் வளைவு அப்படியே பள்ளமாகப் பதிந்திருந்தது. அதைத் தேய்த்தார், பாலாடையில் வைத்து ஓட்டினார், எடுத்து மறுபடி தேய்த்தார். மத்தியானம் வரை இதேதான். இருதயராஜுக்குப் பொறுக்கவில்லை.

"கத்தி எப்பங்க மாஸ்டர் வைப்பீங்க?"

"இதை ஓட்டிப் பாருங்க."

கத்தியே இல்லாத அந்தச் சின்னக் கட்டியை வாங்கி, பிசிறுள்ள ஒரு பாலாடையின் விளிம்பில் வைத்து ஓட்டினார். வெண்ணெயில் போவதுபோல் போனது. போய் ஓரிடத்தில் தட்டி நின்றது.

"எங்க நிக்குது?"

"பிசிறு இருக்கற இடத்துல."

"வேற எங்கயாச்சும்?"

அவர் திரும்பத் திரும்ப ஓட்டினார். இன்னொரு பாலாடையிலும் பார்த்தார்.

"இல்லீங்க மாஸ்டர். அங்க மட்டுந்தான்."

பொற்கொடி அதை வாங்கிக் குறுக்கே மெல்லிய பிளவு ஒன்று அறுத்தார். பிளவுக்கு முன்னால், பிசிறு நுழைந்து வருவதற்கு ஒரு நூலிழைப் பள்ளம் கீறினார். அதன் பிறகுதான் கையை நீட்டினார்.

"உங்க கத்தியைக் குடுங்க."

இருதயராஜ் தயங்கினார். எல்லாவற்றையும் கெடுத்த கத்தி அது.

"அதுவா? வேற நல்லதா ஒண்ணு..."

"அதுக்கு மேல கூரா எனக்குப் பிடிக்க வராதுங்கண்ணா. குடுங்க."

கத்தியிலிருந்து சிறு துண்டு உடைத்துப் பிளவில் செருகச் சொன்னார். இருதயராஜ் முனை துளி வெளியே தெரியும்படி செருகினார். மாஸ்டர் கட்டைவிரலால் அதை உள்ளே தள்ளினார். விளிம்பு பதிந்த பள்ளத்தின் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"வெளியவே தெரியலையே. அப்பறம் எப்படி வெட்டும்?"

"ஓட்டுங்க."

ஓட்டினார். நல்ல விளிம்பில் ஒன்றும் ஆகவில்லை. கட்டி வழுக்கிக்கொண்டே போனது. பிசிறு வந்த இடத்தில் சின்னதாக ஒரு சத்தம். கண்ணிமைபோல ஒரு சுருள் மேசையில் உதிர்ந்தது. அதன் பிறகு மறுபடியும் வழுக்கல்.

அவர் வேண்டுமென்றே அழுத்திப் பார்த்தார். கை நடுங்குவதுபோல் ஆட்டிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினார். விளிம்புக்கு ஒரு கீறலும் விழவில்லை. நகத்தில் நின்ற அதே கத்தி, வெட்ட ஒன்றுமில்லாத இடத்தில் சாதுவாகப் படுத்திருந்தது.

"மாஸ்டர்" என்றார். கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பெட்டியில் மிஞ்சியிருந்த பாலாடைகளை அவரே சீவிக் கழுவி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். திலகவதி பஞ்சை இழுத்துப் பார்த்தார். நூல்கூடச் சிக்கவில்லை. பஞ்சை மட்டும் நம்பாமல் தன் உதட்டிலும் வைத்து இழுத்தார். பிறகு, "இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கொதிக்க வைத்து எடுத்து வரும்வரை இருதயராஜ் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றார். உள்ளங்கை அகலத்தில் ஒரு குழந்தை. திலகவதி அதன் தலையைத் தாங்கி, பாலாடையின் மூக்கை உதட்டில் வைத்தார். பால் விளிம்பைத் தாண்டிச் சொட்டியது. குழந்தை முகத்தைச் சுளித்தது. பிறகு நாக்கால் தேடியது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னொரு முறை.

இருதயராஜ் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திலகவதி வெளியே வந்து, "எந்தக் கத்தியில எடுத்தீங்க? யாரு செஞ்சது?" என்று கேட்டார்.

"கேட்டுட்டு வந்து சொல்றேனுங்க" என்றார் இருதயராஜ்.

பட்டறைக்குத் திரும்பியபோது பொற்கொடி பழுதான டையைப் பிரித்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். குழந்தை குடித்ததை இருதயராஜ் சொன்னார். மாஸ்டர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டு, குடித்ததை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"அந்தக் கத்தி யாரு செஞ்சதுன்னு சிஸ்டர் கேட்டாங்க" என்றார் இருதயராஜ்.

"நீங்கதான் செஞ்சீங்க. சொல்ல வேண்டியதுதானே?"

"நான் செஞ்ச கத்தி என்ன பண்ணுச்சுன்னு அவங்களே பாத்தாங்களே மாஸ்டர்."

"அதே கத்திதானுங்கண்ணா இது. மாத்தவே இல்லையே."

"அப்ப உங்களது எது?"

பொற்கொடி அந்தச் சின்னக் கட்டியை எடுத்து, பிளவில் ஒட்டியிருந்த பிசிறை ஊதினார். இருதயராஜின் உள்ளங்கையில் அதை வைத்தார்.

"கத்தி தொடாம விட்டுட்டுப் போற இடமெல்லாம்."