மலைவாய் ஏரியும் மூன்று வட்டமும்

ஒரு காட்டில், எப்போதோ நெருப்புக் கக்கி ஓய்ந்துபோன மலை ஒன்று இருந்தது, பிள்ளைகளே. ஆறிப்போன அதன் வாய்க்குள் ஓர் ஏரி. அதற்கு ஆறும் கிடையாது, ஓடையும் கிடையாது. சுற்றியுள்ள சரிவில் பெய்யும் மழை, மரவேர்களின் இடுக்கில் ஊறி இறங்கினால்தான் தண்ணீர்.

அந்த ஏரியின் கோரைக்குள் முக்குளிப்பான் என்னும் சிறு நீர்ப்பறவை ஒன்று இருந்தது. நீந்தத் தெரியும், நடக்க வராது. தன் இரண்டு குஞ்சுகளையும் முதுகில் சுமந்துகொண்டு திரியும்.

ஏரியைக் காக்க வேண்டுமென்று யானை ராஜா கல்லடுக்கி மூன்று வட்டம் போட்டார்.

"உள்வட்டம் ஆழமும் கோரையும். அங்கே ஒருவரும் கால் வைக்கக் கூடாது. நடுவட்டம் கரை. குடித்துவிட்டுப் போகலாம். வெளிவட்டம் சரிவு. அங்கே அவரவர் இஷ்டம்!"

உள்வட்டத்துக்கு ஆள்காட்டிக் குருவி காவல். கத்துவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

"ராஜா, சரிவுக்கு யார் காவல்? தண்ணீர் அங்கிருந்துதானே இறங்குது?" என்றது முக்குளிப்பான்.

காட்டுப்பன்றி உருண்டு உருண்டு சிரித்தது. "வீட்டுக்குக் கதவு போட்டுக் கொடுத்தால், இந்தம்மாவுக்குத் தெருவும் வேணுமாம்!"

ராஜாவும் சிரித்துவிட்டார்.

அன்றே பன்றிக் கூட்டம் சரிவில் கிழங்கு தோண்டியது. வேர் அறுந்தது. ராஜாவும் பட்டை தின்ன மரங்களைச் சாய்த்தார்.

"ஆள்காட்டி அண்ணே, நீயாவது ஒரு சத்தம் போடேன். சரிவு மொட்டையாகுதே!" என்று கெஞ்சியது முக்குளிப்பான்.

"கோட்டுக்கு வெளியே நடப்பது என் கண்ணில் படாது, தங்கச்சி. எனக்கு இட்ட வேலை உள்வட்டம்."

ஐப்பசி மழை வந்தது. பிடிக்க வேரில்லாத சரிவு, அப்படியே சேறாய் இறங்கியது.

"நில்! நில்! உள்ளே கால் வைக்காதே!" என்று தொண்டை கிழியக் கத்தியது ஆள்காட்டி.

சேற்றுக்குக் கால் ஏது? காது ஏது?

முக்குளிப்பான் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடு ஏரிக்கு நீந்தியது. சேறு அங்கேயும் வந்தது.

மழை விட்டதும் ராஜா தாகத்தோடு இறங்கி வந்தார். ஏரி முழுக்கச் சேறு, குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆள்காட்டி ஓடிவந்து நிமிர்ந்து நின்றது.

"ராஜா, உள்வட்டத்தில் இன்றுவரை ஒருவரையும் கால் வைக்க விடவில்லை!"

வட்டத்தின் நடுவே, ஒரு சேற்றுக் குட்டையில் முக்குளிப்பான் சுற்றிச் சுற்றி வந்தது. அதன் முதுகில் ஒன்றுமில்லை.

நீதி: நீர் வரும் மேட்டை அழிய விட்டவன் நீருக்குப் போட்ட காவல் வீண்.